இடது காது

நாளை மதுரையில் ஷோ.
மொச்சைக்கு இன்று மூன்றாவது குளியல்.
தேவகோட்டைச் செம்மண்ணுக்கு
வெள்ளை நாயைக் கண்டால் ஆகாது,
வாசல்படி தாண்டுமுன்
வயிறெல்லாம் காவி பூசிவிடும்.
கடைசிச் செம்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம்,
என் கடைக்கோட்டுக்குப் போடும் அதே அளவு.

பிறகு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
விரலிடுக்கு, காதுமடல், வாலடி என்று
உண்ணி பார்க்கிறேன்.
போன ஐப்பசியில் உண்ணிக் காய்ச்சல்.
ஈறு வெளுத்து
பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு இறங்கியபோது
மெடிக்கலில் இருந்த டாக்சிசைக்ளின் அட்டை அத்தனையும்
என் கணக்கில் எழுதினேன்.
"யாருக்கும்மா இவ்வளவு?" என்றார் முதலாளி தேனப்பன்.
"வீட்டில் ஒருத்திக்கு."
பொய் இல்லை.

பொய் வேறொன்று.

அவளுக்கு இடது காது கேட்காது.
கூப்பிட்டால் திரும்புவாள், தப்பான பக்கம்.
நான் அடுப்படியில் நின்றால் தெருவைப் பார்ப்பாள்.
நல்ல காதைத் தரையில் அழுத்தித் தூங்கிவிட்டால்
குக்கர் ஆறு விசில் அடித்தாலும் அசைய மாட்டாள்.
என்ன நிம்மதியான தூக்கம் பாருங்கள் என்று
ஒரு வருஷம் எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

டாக்டர் ஜெபராணிதான் சாவிக்கொத்தை
அவள் முதுகுக்குப் பின்னால் அந்தரத்தில் குலுக்கிப் பார்த்தார்.
இந்தப் பக்கம். அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம்.
"வெள்ளை ராஜபாளையத்தில் இது உண்டு.
சென்னையில் தலையில் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள்.
பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்
குட்டி மட்டும் எடுத்துவிடாதீர்கள்."
முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரிங்கில் நாய் நம் இடப்பக்கம் ஓடவேண்டும்.
அப்போது அதன் வலது காது நம்மை ஒட்டி வரும்.
விதியே எனக்குத் துணை.
"ம்" என்றால் ஓடினாள், "ம்ம்" என்றால் நின்றாள்.
நடுவர் பல்லை எண்ணினார், விலாவைத் தடவினார்,
ரோஜா நிற மூக்கை நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார்.
காதையும் தொட்டார். மடிப்பு சரி.
அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கோப்பை பிரிட்ஜ் மேல் இருக்கிறது.

ஆடியில் ஏழு குட்டி.
ஸ்கூட்டிக் கடன் இருந்தது என்று சொல்லலாம்.
இருந்தது. அதற்காக இல்லை.
மதுரை மைதானத்தில் நாலு பேர்
என் பின்னால் வந்து நம்பர் கேட்டார்கள்,
அதற்காக.

நேற்று புதுவயலிலிருந்து சோலையப்பன் பேசினார், ரைஸ்மில்காரர்.
"குட்டி நல்லாத்தான் இருக்கு, நல்லாத் திங்குது.
லாரி ரிவர்ஸ் எடுக்கையில
ஹாரன் அடிச்சா மட்டும் நகர மாட்டேங்குது.
சாம்பியன் ரத்தம்ல, திமிரு."
அவர் சிரித்தார்.
நான் மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு
ஸ்கூட்டியை எடுத்தேன்.

மில் வாசலில்
தவிட்டுத் தூசிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.
சாவிக்கொத்தைக் குலுக்கினேன்.
இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.
குனிந்து தரையை ஒருமுறை தட்டினேன்.
வாலோடு உடம்பும் ஆட ஓடி வந்தது.

பதினெட்டாயிரத்தையும் எண்ணி வைத்தேன்.
சோலையப்பன் பணத்தைத் தொடவில்லை.
"மொதல்லயே தெரியுமா?" என்றார்.
தலையை ஆட்டினேன்,
ஆமாம் என்றா இல்லை என்றா
எனக்கே தெரியாத மாதிரி.
"தெரியும்" என்றேன் பிறகு.
அதற்கப்புறம்தான் பணத்தை எடுத்தார்.

வரும் வழியெல்லாம் என் காலடியில் சாக்குக்குள் அது.
பின்னால் வந்த பஸ் அடித்த ஹாரனில்
எனக்குத்தான் கை நடுங்கியது.

இப்போது ராத்திரி ஒன்பது.
மொச்சை, நல்ல காது கீழே.
பக்கத்தில் குட்டி, எப்படிப் படுத்தாலும் ஒன்றுதான்.
நோட்டில் இன்னும் ஆறு நம்பர்.
முதலில் அறந்தாங்கி.
மணி போகிறது. எடுக்கிறார்.

"அலோ."

நாக்கு எழவில்லை.

"அலோ, யாரு? பேசுறது கேக்குதா?
அலோ,
கேக்குதா?"